இத்தனை கன அடி

ஐந்தே காலுக்குப் பால் சங்கத்து ஷட்டரை
இரண்டு கையாலும் தூக்குகிறேன்.
முன்பெல்லாம் ஒரு கை போதும்.
கொழிஞ்சாம்பாறையில் மார்கழி என்றால்
குளிரைவிடக் காற்று.
வேலந்தாவளம் சாவடியில் யாரும் நிறுத்தாமல் வந்து
என் தோள்பட்டையில்தான் முதலில் இறங்குகிறது,
டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டும் லாரிக்காரன் மாதிரி.

கேன்கள் வருகின்றன.
பிப்பெட்டைப் பிடித்தால் கட்டைவிரல்
தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.
இதர சத்து எட்டு புள்ளி மூன்று.
சண்டைக்கு வந்தவர்களும்
எண்ணைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

எனக்கு எண் இல்லை.
ரத்தம் சரி. ஸ்கேன் சரி. எலும்பு சரி.
ஒன்றுமில்லை என்று எழுதிய நாலு கோப்புகள்
பீரோவில், சேலைக்கு அடியில்.
திருச்சூரில் ஒரு டாக்டர்தான்
கழுத்து, முழங்கை, முட்டியின் உள்பக்கம் என்று
பதினெட்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.
பதினாறில் கத்தினேன்.
ஃபைப்ரோமயால்ஜியா.
பேர் கிடைத்ததற்கு அழுதேன்.
வீட்டில் அவர் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு
'பூச்சிமருந்துப் பேராட்ட இருக்குது' என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி.
தொலைநிலைக் கல்வி, எம்.காம்., இரண்டாம் வருடம்,
முப்பத்தொன்பது வயதில்.
செயலாளர் நாற்காலி காலியாகப் போகிறது.
பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டேன், கம்பி அதிரும்.
தேய்மானம், நேர்கோட்டு முறை:
இயந்திரம் வருடத்துக்கு இவ்வளவு என்று
சொன்னபடி தேயும்.
நான் செவ்வாய்க்கிழமை புத்தம் புதுசு,
புதன்கிழமை காயலாங்கடை.
இதற்கு எந்த முறை என்று கேட்க எழுந்து
கேள்வியை மறந்து உட்கார்ந்தேன்.
மறதியும் இதில் சேர்த்திதான்.
போன வாரம் தூக்குப்போசி என்கிற சொல் வரவேயில்லை.
தமிழிலும் இல்லை, மலையாளத்திலும் இல்லை.
கையில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

பரீட்சைக்கு அரைமணி கூடுதலாகக் கேட்டேன்.
'கை நல்லாத்தானே இருக்கு?'
மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
நல்லாத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பாலியேட்டிவ் வண்டி.
'நீயே நோக்காட்டுக்காரி, உனக்கெதுக்கு இது?'
பதில் தெரியவில்லை.
லிசம்மா சிஸ்டர் ஹாரன் அடித்தால் ஏறிவிடுகிறேன்.
ஆளைத் தூக்கமாட்டேன்.
துடைப்பேன், நகம் வெட்டுவேன், படிவம் எழுதுவேன்.

மருதாசலம், கள் இறக்கப்போய்த் தென்னையிலிருந்து விழுந்தவர்.
இடுப்புக்குக் கீழே ஆறு வருடமாக ஒன்றும் தெரியாது.
புண்ணுக்குக் கட்டுப் போடும்போது பேப்பர் படிப்பார்.
அன்றைக்கு நான் டிரேயை வைத்துவிட்டுச்
சுவரைப் பிடித்ததைப் பார்த்துவிட்டார்.
சொன்னேன். எல்லாவற்றையும்,
குதிகாலிலிருந்து தாடை வரைக்கும்.

பேப்பரை மடித்தார்.
'எனக்கு ஒரு சொட்டு வர்றதில்ல,
உங்களுக்குக் கரை ஒடச்சு ஓடுது.
ஆழியாத்துத் தண்ணியாட்ட ஒப்பந்தம் போட்டுக்கலாமுங்க.
மாசத்துக்கு இத்தன கன அடி
இந்தப் பக்கம் தொறந்து விடுங்க.'

'தொறந்தாலும் கடைமடைக்கு வந்து சேராதுங்க.'

'வராட்டி ரெண்டு கவர்மெண்டுக்கும் கடுதாசி போடுவோம்.'

சிரித்ததில் எனக்கு விலா வலித்தது.
அவருக்கும் வலித்ததாம்.
விலா வரைக்கும் அவருக்கு உண்டு.

படிவத்தில் ஒரு கட்டம்: வலி, பத்துக்கு எவ்வளவு.
வாராவாரம் அவருக்குச் சுழியம்தான் போடுவேன்.
'இன்னைக்கு ரெண்டு போடுங்க' என்றார்.
'சிஸ்டர் கேட்டா?'
'தண்ணி வந்துருக்குதுன்னு சொல்லுங்க.'

ரெண்டு என்று எழுதினேன்.
வெளியே வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.
நாலு மணிக்குச் சாயந்திரப் பால்.
பேனாவை மூட வரவில்லை, விரல் மடங்கவில்லை.
வாங்கி, மூடி,
என் சட்டைப் பைக்கு எட்டாததால்
படிவத்தின் மேலேயே வைத்தார்.